சேர்த்துவைத்தால்தான் சமரசமா?

மக்கள் நீதிமன்றம் நடந்த மறுநாள், நாளிதழின் மாவட்டப் பக்கத்தில் அடிக்கடி ஒரு படம் வரும். நீதிபதிகள் பக்கத்தில் நிற்க, மாலையும் கழுத்துமாக ஒரு தம்பதி. ‘பிரிந்திருந்த தம்பதி மீண்டும் இணைந்தனர்’ என்று கீழே இரண்டு வரி. அவர்கள் நன்றாக வாழட்டும். ஆனால் அந்தப் படம் ஊட்டி வளர்க்கும் நம்பிக்கையை நான் எதிர்க்கிறேன். கணவன் மனைவி வழக்கில் சமரசம் என்றால் இருவரையும் ஒரே வீட்டுக்கு அனுப்பிவைப்பது, அனுப்ப முடியாவிட்டால் சமரசம் தோற்றுப்போனது என்று ஊரே நம்புகிறது. மாமியார் வீட்டுத் திண்ணையில், மகளிர் காவல் நிலையத்தில், வக்கீல் குமாஸ்தாவின் மேசையில் இதே பேச்சுதான். இந்த நம்பிக்கை தவறு. தவறு என்பதோடு, அடிபட்டவளை மறுபடி அடிக்கக் கொடுக்கிறது.

சமரசம் உண்மையில் என்ன என்று பாருங்கள். 2005 ஏப்ரல் 9 அன்று சென்னை உயர் நீதிமன்ற வளாகத்தில் சமரச மையம் தொடங்கியது. நீதிமன்றத்தோடு இணைந்த சமரச மையங்களில் இந்தியாவிலேயே அதுதான் முதலாவது. பின்னர் மாவட்டங்களுக்கும் பரவியது. அங்கே உட்காரும் சமரசர் தீர்ப்புச் சொல்வதில்லை. முதலில் இருவரையும் சேர்த்து உட்காரவைத்துக் கேட்பார். பிறகு ஒவ்வொருவரிடமும் தனித்தனியாகப் பேசுவார். தனியே சொன்னதைச் சொன்னவர் சம்மதமில்லாமல் எதிர்த்தரப்பிடம் சொல்லமாட்டார், நீதிபதியிடமும் சொல்லமாட்டார். பிடிக்காவிட்டால் யாரும் எழுந்து போகலாம். ஒத்துவந்தால் ஒவ்வொரு ஷரத்தாக எழுதிக் கையெழுத்து வாங்கி நீதிமன்றத்துக்கு அனுப்புவார்கள், அது உத்தரவாகும். குழந்தை பள்ளி நாட்களில் யார் வீட்டில் தூங்கும், பீஸ் யார் கட்டுவது, நகையும் சீர்ப் பாத்திரமும் எப்போது திரும்பும், ஜீவனாம்சம் எவ்வளவு, எந்தத் தேதியில் வரும், போட்ட வழக்குகள் என்னாகும் என்பவையெல்லாம் அங்கே பேசித் தீர்க்க வேண்டியவை. சேர்ந்து வாழ்வது இந்தப் பேச்சு போய்ச்சேரக்கூடிய முடிவுகளில் ஒன்று, அவ்வளவே. பிரிவதென்று முடிவெடுத்த இருவர் இதையெல்லாம் எழுதிக் கையெழுத்துப் போட்டுவிட்டு எழுந்தால், அது முழு வெற்றி.

சேர்த்துவைப்பதே வேலை என்று நினைக்கும் இடத்தில் என்ன நடக்கிறது? “பிள்ளைங்களுக்காகப் பொறுத்துப் போம்மா” என்று அவளுக்குப் புத்திமதி. “இனிமே குடிக்கமாட்டேன்னு எழுதிக் குடுத்துட்டுப் போப்பா” என்று அவனுக்கு ஒரு தாள். கோப்பு முடிந்தது. அவள் மறுபடி வந்தால், அன்று சம்மதித்துத்தானே போனாய் என்று அந்தத் தாளே அவளைக் கேள்வி கேட்கிறது. இதைப் பார்த்த பக்கத்து வீட்டுப் பெண் சமரசம் என்ற சொல்லைக் கேட்டாலே விலகிப்போகிறாள். ஒழுங்காகப் பிரிய யாருக்கு உதவி வேண்டுமோ அவர்களையே இந்த நம்பிக்கை வாசலில் நிறுத்தித் திருப்பி அனுப்பிவிடுகிறது. ஒரே அமர்வில் முடியவேண்டிய பணக் கணக்கு, வருடக்கணக்கில் வாய்தாவாக இழுபடுகிறது.

இந்த மனப்போக்கு எவ்வளவு தூரம் போகும் என்பதைத் தமிழ்நாடு 2015-இல் பார்த்தது. கடலூர் மாவட்டத்தில் சிறுமி ஒருத்தியை வல்லுறவு செய்து தண்டனை பெற்றவருக்கு, பாதிக்கப்பட்ட பெண்ணோடு பேசித் தீர்த்துக்கொள்வதற்காக, அந்த ஜூன் மாதம் சென்னை உயர் நீதிமன்றம் இடைக்கால ஜாமீன் கொடுத்து வழக்கைச் சமரசத்துக்கு அனுப்பியது. ஜூலை 1 அன்று மத்தியப் பிரதேச வழக்கொன்றில், வல்லுறவில் சமரசம் என்ற பேச்சுக்கே இடமில்லை என்று உச்ச நீதிமன்றம் சொன்ன பிறகுதான் அந்த உத்தரவு திரும்பப் பெறப்பட்டது. அது திருமண வழக்கல்ல. ஆனால் ஒரு ஆணையும் பெண்ணையும் எப்படியாவது ஒரே கூரையின் கீழ் நிறுத்திவிட்டால் நீதி கிடைத்துவிட்டது என்று நம்பும் மனம் அங்கேயும் இதுவேதான்.

எதிர்வாதம் எனக்குத் தெரியும். இந்து திருமணச் சட்டத்தின் 23(2) பிரிவே, தீர்ப்புக்கு முன் இருவரையும் இணங்கவைக்க முயலச் சொல்கிறதே என்பார்கள். சொல்கிறது. அது நீதிபதிக்கு இட்ட கடமை, அதிலும் சில காரணங்களுக்கு விலக்கு உண்டு. 1984-ஆம் ஆண்டின் குடும்ப நீதிமன்றச் சட்டம் 9-ஆம் பிரிவில் கேட்பது தீர்வை. இருவரையும் ஒரே வீட்டில் குடியேற்றினால்தான் தீர்வு என்று அது சொல்லவில்லை. குடும்ப வன்முறைச் சட்டத்தின் 2006-ஆம் ஆண்டு விதிகள் இன்னும் தெளிவானவை. ஆலோசனை அமர்வில், அடித்ததற்கு நியாயம் கற்பிக்க எதிர்த்தரப்புக்கு இடமே கிடையாது என்கிறது 14-ஆம் விதி. ‘நீ என்ன பேசினே, அவன் கை நீட்ட?’ என்ற கேள்வியைச் சட்டம் அன்றே மூடிவிட்டது. நம் ஆட்கள்தான் இன்னும் கேட்டுக்கொண்டிருக்கிறார்கள். சமரசத்தைக் கட்டாயமாக்கிய நாட்டையும் பாருங்கள்: நார்வேயில் 16 வயதுக்குக் கீழ் பிள்ளை உள்ள தம்பதி பிரிந்தால் சமரச அமர்வுக்குப் போயே ஆகவேண்டும். அங்கே பேச்சு பிள்ளை யாரோடு, எப்படி என்பதைப் பற்றியது. யாரும் அவர்களுக்கு மாலை மாற்றிவிடக் காத்திருப்பதில்லை.

அவ்வளவு தூரம் போகவேண்டாம், நாமக்கல் மாவட்டத்துக் கொல்லிமலைக்கு வாருங்கள். காரவள்ளி அடிவாரத்திலிருந்து 70 கொண்டை ஊசி வளைவுகள் ஏறினால் வரும் ஊர்களைப் பற்றிச் சமவெளிக்காரர்களிடம் ஒரு கதை உண்டு: ‘மலையிலே கோர்ட்டு எதுக்கு? பெரியவங்க கூடி அங்கேயே சேத்து வெச்சுடுவாங்க.’ அங்கே வாழும் மலையாளிப் பழங்குடியினரின் வழக்கத்தை இவ்வளவு தலைகீழாகப் புரிந்துகொள்ள முடியாது. அங்கே பிரிவு என்பது வாழ்க்கை முடிந்துபோனதற்கான அறிவிப்பல்ல. கணவனை விட்டவளும் இழந்தவளும் மறுமணம் செய்துகொள்ள வழக்கம் இடம் கொடுக்கிறது. மாப்பிள்ளை வீடு பெண்ணுக்குப் பரியம் கொடுத்துக் கட்டிய மணம் முறிந்தால், பரியத்தில் எது திரும்ப வேண்டும், பிள்ளை எங்கே வளரும் என்று இரு தரப்பும் ஊர்ப் பெரியவர்கள் முன் உட்கார்ந்து பேசும். அறுத்துவிடுவதற்கும் ஒரு முறை இருக்கிறது. பிரிவதைப் பேசித் தீர்க்கலாம் என்பதைச் சமரச மையங்களுக்கு வெகுகாலம் முன்பே இந்த மலை அறிந்திருந்தது.

சட்டமும் இதை ஒருவிதத்தில் ஏற்கிறது. இந்து திருமணச் சட்டத்தின் 2(2) பிரிவின்படி, மத்திய அரசு அறிவிக்கை வெளியிட்டாலொழிய அந்தச் சட்டம் பட்டியல் பழங்குடியினருக்குப் பொருந்தாது. அவர்கள் திருமணமும் முறிவும் வழக்கத்தின்படிதான்.

வழக்கம் என்பதாலேயே அதைக் கோயிலில் வைத்துக் கும்பிடவும் நான் தயாரில்லை. கூட்டத்தில் உட்காருபவர்கள் ஆண்கள். பிரியும் பெண்ணுக்காக அப்பா பேசுவார், தாய்மாமன் பேசுவார். அவள் வாசலுக்கு வெளியே நிற்பாள். பரியத்தைத் திருப்ப அப்பாவிடம் பணமில்லை என்றால், அந்தக் கடனே அவளை வேண்டாத வீட்டில் கட்டிப்போடும். இதற்கு மேல், பேசியது எதுவும் தாளில் ஏறுவதில்லை. பின்னாளில் இரண்டாம் திருமணமோ சொத்தோ நீதிமன்றத்துக்கு வந்தால், இன்ன வழக்கம் இருக்கிறது, அதன்படிதான் பிரிந்தோம் என்று வாதாடி நிரூபிக்க வேண்டும். பழங்குடியினத் தம்பதியின் வழக்கு ஒன்றில் உச்ச நீதிமன்றம் 2001-இல் சொன்னது அதுதான், வழக்கம் இருக்கிறது என்று சொன்னால் போதாது, காட்ட வேண்டும். வாய்ப்பேச்சாக நடந்த கூட்டத்தை இருபது வருடம் கழித்து யார் சாட்சி சொல்லிக் காட்டுவது?

அப்படியானால் அவளைச் சமவெளிக்கு இழுத்து வந்து வழக்குப் போடவைப்பதா? மாதாமாதம் இவ்வளவு ரூபாய் என்று நீதிமன்றம் ஜீவனாம்சம் போடும். மாதச் சம்பளமே அரிதான மலையில் அந்தத் தொகை எங்கிருந்து வரும்? பணம் கையில் புரள்வது மிளகு பறித்து விற்கும்போது, காப்பி எடுக்கும்போது, மரவள்ளி லாரியேறும்போது. சில்வர் ஓக் மரத்தில் மிளகுக் கொடி ஏற்றியதில், களை பறித்ததில், காயவைத்ததில் அவள் உழைப்பும் இருக்கிறது. பட்டா அவன் பெயரில். ஒரு நல்ல சமரசர் இங்கேதான் வேண்டும். மிளகுப் பருவத்தில் இவ்வளவு, காப்பிக்கு இவ்வளவு, பிள்ளை விடுதியில் சேரும் ஜூன் மாதம் இவ்வளவு என்று எழுதவைக்கலாம். வழக்கு விசாரணையில் இப்படியொரு ஷரத்துக்கு எளிதில் வழி பிறக்காது. பேச்சில் பிறக்கும். சேர்ந்து வாழப்போகிறீர்களா இல்லையா என்பதிலேயே எல்லா அமர்வும் தீர்ந்துவிட்டால், மிளகைப் பற்றிப் பேச நேரம் ஏது?

பெண்களுக்கும் பழங்குடியினருக்கும் வருமானம் பாராமல் இலவசச் சட்ட உதவி உண்டு என்று 1987-ஆம் ஆண்டின் சட்டப் பணிகள் ஆணையச் சட்டம் 12-ஆம் பிரிவில் சொல்கிறது. 15100 என்ற எண்ணில் கூப்பிடலாம். ஜீவனாம்சச் சட்டமும் குடும்ப வன்முறைச் சட்டமும் மதம், இனம் பாராமல் அவளுக்கும் பொருந்தும். அடிக்கும் வீட்டில் சமரசத்துக்கு முன் பாதுகாப்பு உத்தரவு வேண்டும், அதை வாங்கித் தருவதும் இந்த உதவியின் வேலை. திருமணத்தின்போது அவளுக்குப் பதினெட்டு நிரம்பியிருக்கவில்லை என்றால் ஊர்க் கூட்டம் பேசி மூடக்கூடிய விஷயமே அல்ல அது. அவள் நேராகச் சட்டத்திடம் போகவேண்டும், போக வழிகாட்டவும் வேண்டும்.

நாமக்கல்லில் இருந்துகொண்டு அவளை வளைவு வளைவாக இறங்கி வரச் சொல்லாமல், சமரசர்கள் மலைமேல் உள்ள செம்மேட்டில் உட்காரட்டும். மலையாளிப் பெண்கள் சிலருக்குச் சமரசப் பயிற்சி கொடுத்து, கூட்டத்தை நடத்தும் ஊர்த் தலைவரான ஊர்க்கவுண்டருக்குப் பக்கத்திலேயே நாற்காலி போடுங்கள். வழக்கத்தின்படி பிரிந்தவர்களின் ஷரத்துகளை அன்றே எழுதி, இரு தரப்புக்கும் ஆளுக்கொரு பிரதி கொடுங்கள். வருட அறிக்கை கேட்கும் அதிகாரிகள், எத்தனை ஜோடி இணைந்தது என்ற கட்டத்தை அடித்துவிட்டு, மிளகு விற்றபின் அவள் பங்கு அவள் கைக்கு வந்ததா என்று கேட்கட்டும்.