சலுகை எனும் சல்லடை

ஹைதராபாத்தின் வடபகுதியில் போவன்பள்ளி காய்கறிச் சந்தை; தென்கிழக்கு விளிம்பில், ரவிர்யாலில், 2016இல் திறக்கப்பட்ட வண்டர்லா பொழுதுபோக்குப் பூங்கா. சந்தையில் மூட்டை சுமக்கும் தொழிலாளியின் பிள்ளைக்கும் ராட்டினம் ஏறும் ஆசை உண்டு. ஆனால், நுழைவுச் சீட்டு ஒருவருக்கு 1,000 ரூபாயைத் தாண்டிவிட்டது. 2019இல் ஒன்றிய அரசு அறிவித்த தேசியத் தரைமட்டக் கூலி நாளொன்றுக்கு வெறும் 178 ரூபாய். அந்தக் கூலிக் கணக்கில், கணவனும் மனைவியும் வாயிலைக் கடப்பதற்கே 11 நாளுக்கும் மேலான உழைப்பு வேண்டும். குழந்தைகளின் சீட்டும் உணவும் பேருந்துக் கட்டணமும் தனி.

“சலுகைகள் இருக்கின்றனவே!” என்பார்கள். அவை யாருக்கு? வார நாட்களில் விலை குறைவு. ஞாயிறிலும் பண்டிகை நாட்களிலும் அதிகம். உழைப்பவருக்கு ஓய்வு கிடைக்கும் நாளில்தான் விலை ஏறுகிறது. முன்கூட்டியே இணையத்தில் பதிவு செய்தால் தள்ளுபடி. வார விடுப்பே உறுதியில்லாத ஒப்பந்தத் தொழிலாளிக்கு அது எட்டாக்கனி. கூடுதல் பணம் கட்டினால் வரிசையில் நிற்காமல் முந்திச் செல்ல ‘ஃபாஸ்ட் டிராக்’ சீட்டு. குழந்தைகள் விளையாடும் இடத்திலும் வர்க்கத்திற்கொரு வரிசை! சலுகை என்பது இங்கே தருமம் அன்று; பணப்பையின் கனம் பார்த்து மனிதரைப் பிரிக்கும் சல்லடை.

கொண்டாட்டங்களும் தப்பவில்லை. 1910இல் கோபன்ஹேகனில் கிளாரா ஜெட்கின் முன்மொழிந்த உழைக்கும் பெண்களின் போராட்ட நாள், இன்று ‘ஒன்று வாங்கினால் ஒன்று இலவசம்’ என்னும் விளம்பரமாகச் சுருங்கிவிட்டது.

அரசுகள் யார் பக்கம்? 2017 ஜூலையில் ஜி.எஸ்.டி. வந்தபோது பூங்கா நுழைவுக்கு 28 சதவீத வரி; 2018 ஜனவரியில் அது 18 சதவீதமானது. செல்வந்தரும் ஏழையும் ஒரே விகிதத்தில் செலுத்தும் மறைமுக வரி இது. தமிழ்நாட்டிலோ, திருப்போரூர் அருகே 2025 டிசம்பரில் திறக்கப்பட்ட வண்டர்லாவுக்கு, உள்ளாட்சிகளுக்குச் சேர வேண்டிய 10 சதவீதக் கேளிக்கை வரியிலிருந்து அரசு விலக்களித்தது. ஊராட்சியின் குழந்தைகளுக்கு விளையாட்டுத் திடல் அமைக்க நிதியில்லை என்று கைவிரிப்பவர்கள், பெருநிறுவனத்திற்கு மட்டும் வள்ளல்களாகிறார்கள்.

விலையில்லாப் பொதுவெளியும் பறிபோகிறது. 2025இல் தெலங்கானாவின் காங்கிரஸ் அரசு காஞ்சா கச்சிபௌலியின் 400 ஏக்கர் பசுமை நிலத்தை ஏலம் விட முனைந்தது. மாணவர் போராட்டமும் உச்சநீதிமன்றமும்தான் மரம் வெட்டுவதைத் தடுத்தன. அதே ஆண்டு ஜூலையில், வணிக நிறுவனங்களில் நாளொன்றுக்கு 10 மணி நேரம் வரை வேலை வாங்க அனுமதித்தது அதே அரசு. ஓய்வு நேரத்தையும் ஓய்விடத்தையும் ஒருசேரப் பறித்தபின், எஞ்சிய ஆசையைச் சீட்டாக்கி விற்பதே முதலாளித்துவத்தின் பொழுதுபோக்குத் தொழில்.

எட்டு மணி நேர வேலை கேட்டு 1886இல் சிகாகோ வீதிகளில் திரண்ட தொழிலாளர்கள், ஓய்வுக்கும் மகிழ்ச்சிக்கும் உரிய நேரத்தையும் சேர்த்தே கேட்டார்கள். ஆகவே தள்ளுபடி நாளை எதிர்பார்த்துக் காத்திருப்பது தீர்வாகாது. வார்டுதோறும் கட்டணமில்லாப் பூங்கா, ஊராட்சிதோறும் விளையாட்டுத் திடல், பெருநிறுவனங்களுக்கு வரிவிலக்கு ரத்து, எட்டு மணி நேர வேலைக்கு உறுதி: இவற்றை உள்ளாட்சி மன்றங்களிலும் தெருமுனைகளிலும் முழங்குவோம். குழந்தையின் சிரிப்புக்கு விலைப்பட்டியல் கூடாது!