சாம்பியன் கையில் மண்வெட்டி

கோல்ஃப் என்றாலே எனக்கு ஞாபகம் வருவது பழைய சினிமாவின் பணக்கார அப்பாதான். நைட் கவுன், வாயில் பைப், கையில் மட்டை. ‘உன் அந்தஸ்து என்ன, என் அந்தஸ்து என்ன?’ என்று ஹீரோவிடம் எகிறுவதற்கு முன்னால் பந்தை ஒரு தட்டு தட்டுவார். அந்த ஆட்டத்தை ஆடி ஒருத்தன் சம்பளம் வாங்கிக் குடும்பம் நடத்த முடியும் என்பதே ரொம்ப நாள் எனக்குத் தெரியாது.

போன ஞாயிறு டி.வி.யில் சேனல் மாற்றிக்கொண்டே வந்தபோது கோல்ஃப் மாட்டியது. பச்சைக் கம்பளம் விரித்த மாதிரி புல்வெளி. யார் ஜெயிப்பான் என்று நான் பார்த்துக்கொண்டிருக்க, என் மனைவி கேட்டாள்: “ஏங்க, இவ்வளவு புல்லையும் யாரு வெட்டறா?”

வீடு பெருக்குகிறவளுக்குத்தான் இந்தக் கேள்வி தோன்றும். தேடிப் பார்த்ததில் ஒரு ஆசாமி அகப்பட்டார். புல்லைப் பார்த்துக்கொண்டவரும் அவரே, ஆடி ஜெயித்தவரும் அவரே!

பெயர் டாம் மாரிஸ். ஸ்காட்லாந்தில் கடலோரத்து ஊரான செயின்ட் ஆண்ட்ரூஸில் 1821-ல் பிறந்தவர். அப்பா நெசவாளி. பையனை ஆலன் ராபர்ட்சன் என்பவரிடம் தொழில் கற்கச் சேர்த்துவிட்டார்கள். என்ன தொழில்? பந்து செய்கிற தொழில். அந்தக் காலத்து கோல்ஃப் பந்து என்பது தோல் பைக்குள் ஒரு தொப்பி நிறைய இறகைத் திணித்துத் தைத்த சமாசாரம். 1844-ல் மட்டும் ராபர்ட்சன் பட்டறையில் 2456 பந்துகள் தயாராயின. நான் பி.காம். என்பதால் இந்த மாதிரிக் கணக்கு கண்ணில் பட்டால் விடமாட்டேன்.

1848 வாக்கில் வந்தது வினை. மலேயாக் காட்டு மரத்துப் பாலில் செய்த ‘கட்டா பெர்ச்சா’ பந்து. விலை குறைவு. நசுங்கினால் சூடுகாட்டி மறுபடி உருட்டிக்கொள்ளலாம். ராபர்ட்சன் பிழைப்பில் மண்! ஒருநாள் ஆட்டத்துக்கு நடுவில் பந்து தீர்ந்துபோய், கூட ஆடினவரிடம் ஒரு புதுப் பந்தைக் கடன் வாங்கி அடித்தார் டாம். முதலாளி பார்த்துவிட்டார். போட்டிக் கம்பெனி சரக்கை உபயோகித்த குற்றத்துக்கு சீட்டு கிழிந்தது.

1851-ல் மேற்குக் கரையில் பிரெஸ்ட்விக் என்ற ஊரில் வேலை கிடைத்தது. உத்தியோகத்தின் பெயர் மைதானக் காவலர். மேடு பள்ளத்தைப் பார்த்துப் பன்னிரண்டு குழிகளுக்கு மைதானம் அமைத்தார். அங்கேதான் 1860-ல் முதல் ஓப்பன் போட்டி. மொத்தமே எட்டுப் பேர், ஒரே நாளில் மூன்று சுற்று. மைதானத்தின் ஒவ்வொரு புல்லும் டாமுக்குச் சொந்தக்காரன் மாதிரி. ஜெயித்தது யார்? வில்லி பார்க் என்பவர், இரண்டே அடி வித்தியாசத்தில்! சொந்த வீட்டுக் கல்யாணத்தில் பாயசம் கிடைக்காத கதை.

மனுஷன் அசரவில்லை. 1861, 62, 64, 67 என்று நாலு தடவை பட்டம் வாங்கினார். கடைசித் தடவை வயது 46. ஓப்பனில் அந்த வயதில் ஜெயித்தவர் இன்றுவரை வேறு யாரும் கிடையாது.

இனிமேல்தான் விஷயமே. 1864-ல் செயின்ட் ஆண்ட்ரூஸ் அவரைத் திரும்பக் கூப்பிட்டது. பொன்னாடை போர்த்தியா? இல்லை. ஒரு தள்ளுவண்டி, ஒரு மண்வெட்டி, ஒரு மண் அள்ளும் தட்டை. சம்பளம் வருஷத்துக்கு 50 பவுண்டு, மைதானச் செலவுக்கு 20 பவுண்டு. சாம்பியன் வாங்கிக்கொண்டு வேலைக்குப் போனார்.

இந்த இடத்தில் எனக்குக் கொஞ்சம் சுருக்கென்றது. இருபத்திரண்டு வயசில் ஒரு கம்பெனியில் அக்கவுண்ட்ஸில் சேர்ந்தேன். மார்ச் கடைசியில் மேனேஜர் கூப்பிட்டு, “தம்பி, கோடவுன்ல மூட்டை எண்ணணும், வா” என்றார். ‘டிகிரி முடிச்சவன் மூட்டை எண்ணுவதா?’ என்று எனக்குள் ஒரு ஜமீன்தார் எழுந்து உட்கார்ந்தார். மறுநாள் ராஜினாமா.

டாம் மாரிஸ் மணல் அள்ளினார். முன்பு ஒரு தடவை மணல் வண்டி தவறிப் புல்மேல் கவிழ்ந்ததாம். சில நாளில் அந்த இடத்தில் மட்டும் புல் அடர்த்தியாக வந்ததைக் கவனித்தார். அதுமுதல் உதவியாளைக் கண்டால், “இன்னும் மணல் போடு” என்பதே பேச்சு. உலகம் முழுக்க கோல்ஃப் புல்லுக்கு மணல் தூவுவது இன்றைக்கும் நடக்கிறது.

ஞாயிற்றுக்கிழமை மைதானத்துக்கு லீவு. கனவான்களே, உங்களுக்கு ஓய்வு வேண்டாமென்றாலும் புல்லுக்கு வேண்டும் என்பது அவர் கட்சி. அந்தப் பழைய மைதானத்தில் பெரிய போட்டி இருந்தால் ஒழிய இன்றும் ஞாயிறு ஆட்டம் கிடையாது. ஊர்க்காரர்கள் காலாற நடக்கிறார்கள்.

மகன் பெயரும் டாம்தான். அப்பாவை மிஞ்சிய பிள்ளை. 17 வயதில் ஓப்பன் ஜெயித்து, மொத்தம் நாலு பட்டம் வாங்கினான். ஒரு தடவை மகன் முதல், அப்பா இரண்டாவது. இப்படித் தோற்க எந்த அப்பாவுக்குக் கசக்கும்?

1875 செப்டம்பரில் அப்பாவும் பிள்ளையும் வெளியூரில் ஜோடியாக ஆடிக்கொண்டிருந்தபோது தந்தி வந்தது. மருமகளுக்குப் பிரசவம், நிலைமை மோசம். இரண்டு குழிகள்தான் பாக்கி. முடித்து, ஜெயித்து, படகேறிக் கடல் கடந்து போனார்கள். போய்ச் சேர்வதற்குள் தாயும் சேயும் போய்விட்டார்கள். அந்த கிறிஸ்துமஸ் அன்று மகனும் இறந்தான். வயது 24.

துக்கத்தில் செத்தான் என்றது ஊர். துக்கம் ஆளைக் கொல்லுமென்றால் நானும் இங்கே இருக்கமாட்டேனே என்றாராம் கிழவர். அடுத்த வருஷம் மனைவி. பிறகு ஒவ்வொருவராக மற்றப் பிள்ளைகளும். எல்லோரையும் அவரே வழியனுப்பினார்.

கிழவர் என்ன செய்தார்? காலையில் கடலில் குளித்தார். அப்புறம் மைதானத்துக்குப் போனார். 1903 வரை, கிட்டத்தட்ட நாற்பது வருஷம். நடுவில் ஊர் ஊராகப் போய்ப் புது மைதானங்கள் அமைத்துக் கொடுத்தார். 1908-ல் மாடிப்படியிலிருந்து விழுந்து, 86 வயதில் காலமானார்.

அவர் மாதிரி கூலிக்கு ஆடுகிறவர்களைக் கனவான்கள் கிளப்புக்குள் சமமாக உட்கார விட்டதில்லை. அதே கிளப் அவர் படத்தை வரையச் செய்து மாட்டிக்கொண்டது. பதினெட்டாவது குழிக்கு அவர் பெயர்.

என் மேனேஜர் கதையை முடிக்கவில்லையே. ராஜினாமாவைக் கொடுக்க நான் போனபோது அவர் ஸீட்டில் இல்லை. கோடவுனில் இருந்தார். பேன்ட்டை முழங்காலுக்குச் சுருட்டிவிட்டு, காதில் பென்சிலோடு தானே மூட்டை எண்ணிக்கொண்டிருந்தார். பேப்பரை வாங்கிப் படித்துவிட்டு, “இங்கிலீஷ் நன்னா எழுதறே தம்பி” என்றார். திரும்பி, விட்ட இடத்திலிருந்து எண்ண ஆரம்பித்தார்.

நூற்றி நாற்பத்தி மூணு, நூற்றி நாற்பத்தி நாலு... இன்னும் காதில் கேட்கிறது.