எலுமிச்சம்பழமும் உத்தரவாதமும்

சென்ற ஞாயிற்றுக்கிழமை காலை, முன்னொரு காலத்தில் நம்மிடம் கணக்குப் பயின்ற மாணாக்கர் ஒருவர் நம்மைத் தேடி வந்தார். ஆட்டோ ரிக்ஷாவில் வந்தார். இதை விசேஷமாகக் குறிப்பிடக் காரணம் உண்டு. எட்டு மாதங்களுக்கு முன் அவர் நம் வீட்டு வாசலில் வந்து இறங்கியது ஓர் ஆடம்பர மோட்டாரிலிருந்து. கப்பல் போன்ற கறுப்பு வண்டி. கதவைச் சாத்தினால் சத்தமே கேளாது. தெருக் குழந்தைகள் எல்லாம் கூடிவிட்டார்கள். நாமும் உபாத்தியாயருக்குரிய கம்பீரத்தைச் சற்று ஒதுக்கி வைத்துவிட்டு, அதில் ஏறிக் கடைத்தெரு வரை போய் வந்தோம் என்பதை ஒப்புக்கொள்கிறோம்.

"என்னப்பா, வண்டி எங்கே?" என்று கேட்டோம்.

"படுத்துவிட்டது, ஸார்" என்றார்.

பேச்சுக்குச் சொல்கிறார் என்று எண்ணினோம். இல்லை, உண்மையாகவே படுத்துத்தான் விட்டது. சாதாரண வண்டிகளில் இரும்புச் சுருள்வில் செய்யும் வேலையை, இந்த வண்டியில் காற்று நிரம்பிய ரப்பர்ப் பைகள் செய்கின்றன. காற்றை அடைத்துக் கொடுக்க ஒரு சிறு யந்திரம் உண்டு. வயதான ரப்பரில் மயிரிழை போல் வெடிப்புக் கண்டு காற்றுக் கசிந்தால், அதை ஈடு செய்ய அந்த யந்திரம் ஓயாமல் ஓடும். ஓடி ஓடிக் கடைசியில் அதுவும் எரிந்துபோகும். ஒரு நாள் காலையில் நம் நண்பர் எழுந்து பார்த்தபோது, வண்டி முன்னங்கால்களை மடக்கிப் படுத்த மாடு போல் தரையோடு தரையாகக் கிடந்ததாம்.

கம்பெனியின் ரிப்பேர்க் கூடத்துக்கு இழுத்துச் சென்றார்கள். அங்கே அவருக்குக் காபி கொடுத்து, மெத்தை நாற்காலியில் உட்கார வைத்து, பிறகு ஒரு காகிதத்தையும் கொடுத்தார்கள். அதில் கண்ட தொகை 3,80,000 ரூபாய். ஆறு வயதான அந்த வண்டியை அவர் வாங்கிய விலையே 16 லட்சந்தான்.

"ஒரு வருஷ வாரண்டி கொடுத்திருக்கிறார்களே?" என்று கேட்டோம்.

அந்தப் பத்திரத்தை நம் கையில் கொடுத்தார். இருபது ஆண்டுகளாக மாணாக்கர்களின் கையெழுத்தோடு மல்லாடிப் பழகிய கண்ணல்லவா? படித்தோம். முதற் பக்கத்தில் கொட்டை எழுத்தில் நிம்மதி, நம்பிக்கை என்ற சொற்கள். நான்காம் பக்கத்தில், எறும்பு ஊர்ந்தாற் போன்ற எழுத்தில், உத்தரவாதம் எஞ்சினுக்கும் கியர்ப் பெட்டிக்கும் மட்டுமே என்றும், ரப்பர்ச் சாமான்கள், காற்றுப் பைகள், மின்னணுக் கருவிகள் இவற்றுக்கு இல்லை என்றும் இருந்தது.

"பெண்ணைக் காலேஜில் சேர்ப்பதற்கு வைத்திருந்த பணம், ஸார். வீட்டில் இன்னும் சொல்லவில்லை" என்று அவர் தாழ்ந்த குரலில் சொன்னபோது, நாம் சொல்ல நினைத்திருந்த வேடிக்கை நாவிலேயே அடங்கிவிட்டது.

நண்பர் செய்த பிழை என்ன? கணக்குப் பிழைதான், கற்றுக் கொடுத்த நமக்கும் அதில் பங்கு உண்டு. புதிதில் 65 லட்சம் விற்ற வண்டி ஆறு ஆண்டில் 16 லட்சத்துக்கு இறங்கிவிடுகிறது. ஆனால் அதன் உறுப்புகளின் விலையும், அதைத் தொடும் தொழிலாளியின் கூலியும் அவ்வாறு இறங்குவதில்லை. வாங்குவது 16 லட்ச வண்டி. பராமரிப்பதோ 65 லட்ச வண்டி. யானையை மலிவாகக் கொடுத்தார்கள் என்பதற்காக அது ஆட்டுத் தீனி தின்னுமா?

விலையுயர்ந்த வண்டி நெடுநாள் உழைக்கும் என்ற எண்ணம் ஆதாரமற்றதன்று. 1907-ஆம் ஆண்டில் ரோல்ஸ் ராய்ஸ் கம்பெனியார் "ஸில்வர் கோஸ்ட்" என்ற தங்கள் வண்டியைப் பரீக்ஷைக்கு விட்டார்கள். இங்கிலாந்து மோட்டார் கழகத்தாரின் பார்வையில் அது பழுதால் ஒருமுறையும் நிற்காமல் 14,371 மைல் தூரம் ஓடிற்று. பிறகு அதை அக்கக்காகப் பிரித்து, தேய்ந்தவற்றை மாற்றிப் புதிதாக்க ஆன செலவு 2 பவுன், 2 ஷில்லிங், 7 பென்ஸ்! இன்றைய ஆடம்பர மோட்டாரில் வாங்குவோர் கேட்பது உழைப்பு மட்டுமன்று, சொகுசு. முதுகைப் பிடித்துவிடும் ஆசனம், தானே மூடும் கதவு, காற்றில் மிதக்கும் நடை என்று ஒவ்வொரு சொகுசும் பழுதாகக்கூடிய ஓர் உறுப்பைக் கூடவே அழைத்து வருகிறது.

நம் ஊரில் புது வண்டியின் சக்கரத்தடியில் எலுமிச்சம்பழத்தை வைத்து நசுக்குவது திருஷ்டி கழிய. அமெரிக்காவிலோ எலுமிச்சை என்றாலே ஓயாமல் பழுதாகும் வண்டி என்று பொருள். பழைய வண்டியின் குறை விற்பவனுக்குத் தெரியும், வாங்குபவனுக்குத் தெரியாது. இந்த ஒரு வேற்றுமை சந்தை முழுவதையுமே கெடுத்துவிடும் என்று ஜார்ஜ் அக்கர்லாஃப் என்ற பொருளாதார நிபுணர் 1970-ல் ஒரு கட்டுரை எழுதினார். 2001-ல் அவருக்கு நோபல் பரிசில் பங்கு கிடைத்தது. கனெக்டிகட் ராஜ்யம் 1982-ல் "எலுமிச்சைச் சட்டம்" ஒன்றே செய்தது. பலமுறை பழுது பார்த்தும் தீராத புது வண்டிக்குக் கம்பெனி மாற்று வண்டியோ பணமோ தரவேண்டும் என்பது அதன் சாரம். மற்ற ராஜ்யங்களும் அதைப் பின்பற்றின.

நம் தேசத்தில் அத்தகைய தனிச் சட்டம் இல்லை. நுகர்வோர் பாதுகாப்புச் சட்டமே துணை. வாரண்டி என்பது குறையுள்ள உறுப்பை மாற்றித் தரும் வாக்கேயன்றி, வண்டியையே மாற்றித் தரும் வாக்கு அன்று என்று உச்ச நீதிமன்றம் 2006-ல் ஒரு வழக்கில் தெளிவுபடுத்தியது. நியாயம் கிடைப்பதே இல்லை என்று சொல்லமாட்டோம். 2009 செப்டம்பரில் வாங்கிய ஒரு பி. எம். டபிள்யூ. வண்டி நான்கே நாளில் தொல்லை கொடுத்தது. புது வண்டி தரக் கம்பெனி பிற்பாடு முன்வந்தும், வாங்கியவர் பணமே வேண்டும் என்றார். 2024 ஜூலையில், 50 லட்சம் ரூபாய் கொடுக்கும்படி உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. தீர்ப்பு வந்தது, ஆனால் நடுவில் பதினைந்து ஆண்டுகள் ஓடிவிட்டன!

கோர்ட்டு வாசலை மிதிக்காமலே வாக்கைக் காத்தவர்களும் உண்டு. ஜப்பானிய லெக்ஸஸ் வண்டி 1989-ல் அமெரிக்காவில் விற்பனைக்கு வந்த சில மாதங்களிலேயே, மின் கம்பியிலும் பிரேக் விளக்கிலும் குறை இருப்பதாகச் சொற்பப் புகார்கள் வந்தன. விற்ற சுமார் 8,000 வண்டிகளையும், உரியவர் வீட்டுக்கே ஆள் அனுப்பி எடுத்துச் சென்று, செப்பனிட்டு, கழுவி, பெட்ரோலும் நிரப்பித் திருப்பிக் கொடுத்தார்கள். இருபது நாளில் வேலை முடிந்தது. குறை வந்த அதே வண்டியால் கம்பெனியின் பெயர் உயர்ந்தது.

நேயர்கள் எவரேனும் இத்தகைய வண்டியில் ஆசை வைத்திருந்தால், சில வார்த்தைகள். பத்திரத்தில் எவற்றுக்கு உத்தரவாதம் உண்டு என்பதைவிட, எவற்றுக்கு இல்லை என்பதை முதலில் படியுங்கள். பழைய வண்டியானால், சர்வீஸ் செய்த ரசீதுகளைக் கேட்டு வாங்குங்கள்; ஒருமுறை தவணை தவறியிருந்தாலும் அதைக் காட்டி மறுக்க இடமுண்டு. கம்பெனியின் நீட்டித்த வாரண்டி வேண்டுமானால் முதல் வாரண்டி முடியுமுன் விசாரியுங்கள். இன்ஷூரன்ஸ் விபத்துக்குத்தான், தேய்மானத்துக்கு அன்று. புகார்களை வாயால் சொல்லாமல் எழுத்தில் கொடுங்கள். வழக்குத் தொடுக்க இரண்டே ஆண்டு தவணை என்பதையும் மறவாதீர்கள்.

நம் நண்பரின் கதை முற்றிலும் சோகமாக முடியவில்லை. இவ்வகை வண்டிகளிலேயே கைதேர்ந்த தனி மெக்கானிக் ஒருவரைத் தேடிப் பிடித்தோம். அந்தக் காற்றுப் பைகளைக் கம்பெனிக்குச் செய்து கொடுக்கும் தொழிற்சாலையின் சரக்கையே, கம்பெனி முத்திரை இல்லாமல் வாங்கிப் பாதிக்கும் குறைந்த செலவில் பொருத்திக் கொடுத்தார். வண்டி எழுந்து நின்றது. நின்ற வாரத்திலேயே நண்பர் அதை விற்றுவிட்டார், வாங்கியவரிடம் பழுதையும் ரிப்பேரையும் ஒளிக்காமல் சொல்லி. அதனால் விலையில் கொஞ்சம் குறைந்தது. வீட்டிலும் சொல்லிவிட்டார், அதுதான் அவருக்கு அதிகக் கஷ்டமாக இருந்ததாம். பெண் காலேஜில் சேர்ந்துவிட்டாள்.

சக்கரத்தடியில் எலுமிச்சம்பழம் வைப்பதை நாம் குறை கூறவில்லை. அதற்கு முன், அந்த நான்காம் பக்கத்தை ஒருமுறை கண்ணெதிரே வைத்துப் படித்துவிடுங்கள் என்றே வேண்டிக்கொள்கிறோம்.