ஒத்தடத்தை முதலில் கீழே வையுங்கள்

மூன்று வாரத்துக்கு முன் ஒரு நாள், காலை பத்து மணி இருக்கும். எங்கள் தெருவில் நாலு வீடு தள்ளி இருக்கும் பெண் வாசலில் வந்து நின்றாள். உள்ளே வரவில்லை. "பெரியம்மா, கதவைச் சாத்திட்டு ஒரு நிமிஷம் பேசலாமா?" என்றாள். வயது முப்பத்தாறு. இரண்டு பிள்ளைகள், இரண்டும் சிசேரியன்.

சேலையை விலக்கிக் காட்டினாள். அடிவயிற்றில் இந்த இடுப்பெலும்பிலிருந்து அந்த இடுப்பெலும்பு வரைக்கும் நீளமாக ஒரு தழும்பு. டம்மி டக் என்று சொல்கிறார்களே, தொங்கும் வயிற்றுச் சதையை வெட்டி எடுத்து, தோலை இழுத்துத் தைக்கும் ஆபரேஷன், அது செய்து பத்து வாரம் ஆகியிருந்தது. தழும்பு நன்றாகத்தான் ஆறியிருந்தது. ஆனால் அதற்கு மேலே உள்ளங்கை அகலத்துக்குத் தோல் வெந்து, கொப்புளம் உடைந்து, சிவப்பாகக் கிடந்தது.

தழும்புக்கு அடியில் கட்டி கட்டியாகக் கைக்குத் தட்டுப்பட்டிருக்கிறது. மாமியார் பார்த்துவிட்டு, "ரத்தம் கட்டிக் கெடக்கு, ஒத்தடம் குடுத்தாக் கரைஞ்சிரும்" என்று கல்லுப்பை வறுத்துத் துணியில் முடிந்து ஒற்றியிருக்கிறார். "உனக்குச் சூடு தெரியலையா?" என்று கேட்டேன். "தெரியல பெரியம்மா. இன்னும் கொஞ்சம் சூடா வைங்கத்தேன்னு நான்தான் சொன்னேன்" என்றாள்.

முப்பத்தொரு வருடம் அரசு ஆஸ்பத்திரிகளில் ஸ்டாஃப் நர்ஸாக இருந்தவள் நான். அதில் பெரும்பகுதி சர்ஜரி வார்டு. அவள் சொன்னதைக் கேட்டதும் எனக்கு வந்த கோபம் இன்னும் அடங்கவில்லை. அந்த மாமியார் மேல் கோபமில்லை. பாவம், அந்த அம்மா அன்போடு செய்தது.

இந்த ஆபரேஷனில் வயிற்றுத் தோலை அடியோடு கிளப்பி எடுத்துத்தான் தைக்கிறார்கள். அப்போது தோலுக்குப் போகும் சின்னச் சின்ன நரம்புகள் அறுபடும். தொப்புளுக்குக் கீழே தழும்பு வரைக்கும் உணர்ச்சி இருக்காது. மாதக்கணக்கில் மரத்துப்போய்க் கிடக்கும். சிலருக்கு ஒரு பகுதி முழுசாகத் திரும்புவதே இல்லை. வெந்நீர்ப் பை, உப்பு ஒத்தடம், தவிட்டு ஒத்தடம், எதை வைத்தாலும் சுடுவது தெரியாது, தோல் வெந்த பிறகு கண்ணால் பார்த்துத்தான் தெரிந்துகொள்ள வேண்டும். ஐஸ் கட்டிக்கும் இதே கதைதான். எந்த சர்ஜனுக்கும் இது தெரியும். ஒன்றரை லட்சம் வாங்கிக்கொண்டு வீட்டுக்கு அனுப்பியவர்கள் இந்த ஒரு வரியைச் சொல்லவில்லையே என்பதுதான் என் கோபம்.

ஆஸ்பத்திரியின் பெயர் வேண்டாம். மதுரையில் நல்ல பெயர் உள்ள இடம்தான், ஆபரேஷனும் சுத்தமாகச் செய்திருக்கிறார்கள். டிஸ்சார்ஜ் காகிதத்தை வாங்கிப் பார்த்தேன். மூன்று பக்கம், அத்தனையும் இங்கிலீஷ். அவள் பத்தாம் வகுப்பு, தமிழ் மீடியம். ஆறாவது வாரம் கட்டி தட்டுப்பட்டதும் பயந்து போய்க் காட்டியிருக்கிறாள். டாக்டர் விரலால் நாலு இடத்தில் அமுக்கிப் பார்த்துவிட்டு, "ஒண்ணுமில்லம்மா, நார்மல்தான், போகப் போகச் சரியாயிரும்" என்று அடுத்த பேஷண்டைக் கூப்பிட்டுவிட்டார்.

அவர் சொன்னது சரி. நானும் அமுக்கிப் பார்த்தேன். தழும்பை ஒட்டிப் பட்டாணி மாதிரி வரிசையாக இருந்தது தையல் முடிச்சு. வலது ஓரத்தில் கொட்டைப்பாக்கு அளவு ஒன்று. அது ரத்த ஓட்டம் போதாமல் செத்துப்போன கொழுப்பு. இரண்டும் ஆபத்தில்லாதவை. ஆனால் சரியான பதிலைச் சொல்லியும் ஒரு மனுஷியை வேகவிட்டிருக்கிறார்களே! எது நார்மல், எத்தனை நாளைக்கு நார்மல், எப்போது நார்மல் இல்லை, வீட்டில் எதைச் செய்யக்கூடாது என்று சொல்லாத "ஒண்ணுமில்ல" ஒரு பதிலே இல்லை. அந்த வெற்றிடத்தில் மாமியாரும் மெடிக்கல் ஷாப் பையனும் யூடியூபும் வந்து உட்காராமல் என்ன செய்வார்கள்?

அவர்கள் சொல்லாததை நான் சொல்லிவிடுகிறேன். நம் வீடுகளில் ஒத்தடம் கொடுப்பவர்கள் நம் வயதுக்காரர்கள்தானே.

வயிற்றில் பெரிய தையல் போட்ட முதல் ஒன்றிரண்டு நாளில் ஒரு பக்கம் மட்டும் திடீரென்று வீங்கி, வலி ஏறிக்கொண்டே போனால் அது உள்ளே ரத்தம் கசிவது. விடியட்டும் என்று காத்திருக்கக் கூடாது. முதல் சில வாரங்களில், அமுக்கினால் தண்ணீர்ப் பை மாதிரி தளும்பினால், தோலுக்கு அடியில் நிணநீர் தேங்கியிருக்கிறது என்று அர்த்தம். டம்மி டக்கில் அதிகம் வருகிற தொந்தரவு இதுதான். ட்யூப் வைத்து அனுப்புவதும், இறுக்கமான பெல்ட் போடச் சொல்வதும் இதற்காகத்தான். நம்மவர்கள் வெயிலுக்குப் புழுங்குகிறது என்று பெல்ட்டைக் கழற்றிக் கொடியில் போட்டுவிடுகிறார்கள். தண்ணீர் தேங்கினால் டாக்டர் ஊசியால் உறிஞ்சி எடுத்துவிடுவார். ஒன்றிரண்டு தடவை எடுக்க வேண்டி வரலாம். வீட்டில் குத்தி எடுக்கும் சமாச்சாரமல்ல.

செத்த கொழுப்பு கல் மாதிரி இருக்கும். சர்க்கரை உள்ளவர்களுக்கும், உடல் பருமனானவர்களுக்கும், புகைப்பவர்களுக்கும் கூடுதலாக வரும். பெரும்பாலும் மாதக்கணக்கில் மெதுவாகச் சுருங்கும். கரையும் நூலில் போட்ட உள்தையல் முடிச்சுகளில் சில வகை கரைய ஆறு மாதம் ஆகும். சில நேரம் ஒரு முடிச்சு பரு மாதிரி கிளம்பி நூல் வெளியே எட்டிப் பார்க்கும். அதைப் பிடித்து இழுக்காதீர்கள், டாக்டர் நறுக்கி எடுப்பார். தழும்பும் முதல் மாதங்களில் கெட்டிப்பட்டுத் தடித்துத்தான் இருக்கும். இளக ஒரு வருடம் எடுத்துக்கொள்ளும். நம்மைப் போன்ற கறுத்த தோலில் தழும்பு தடித்து வளர்வது அதிகம், அதற்கு சிலிகான் தாள், ஊசி என்று வைத்தியம் இருக்கிறது. தழும்பை மெதுவாக நீவி விடச் சொல்வார்கள், ஆனால் நன்றாக ஆறிய பிறகு, அதுவும் டாக்டர் சரி என்ற பிறகு.

இருமினால் புடைத்து, படுத்தால் உள்ளே போகிற கட்டி குடலிறக்கம். சிவந்து, சுட்டு, காய்ச்சலோடு வருவது சீழ். ஆறின தழும்பில் சில வாரம், மாதம் கழித்து முடிச்சு முடிச்சாகக் கிளம்பி, கசிந்து, சாதாரண ஆன்டிபயாடிக்குக்கு அடங்காமல் இருந்தால், காசநோய்க் கிருமியின் தூரத்துச் சொந்தமான ஒரு வகைக் கிருமி இருக்கலாம். கருவிகளைச் சரியாகக் கிருமி நீக்காத இடங்களில் வருவது. அதற்குத் தனிப் பரிசோதனை, தனி மருந்து. சிசேரியன் தழும்பில் ஒரு கட்டி மாதவிலக்கு வரும்போதெல்லாம் வீங்கி வலித்துப் பிறகு அடங்குகிறதா? கர்ப்பப்பையின் உள்சவ்வு அங்கே ஒட்டி வளர்ந்திருக்கலாம். இதைத் தையல் முடிச்சு என்று நினைத்து வருடக்கணக்கில் வலி மாத்திரை தின்ற பெண்களைப் பார்த்திருக்கிறேன். கட்டியோடு சம்பந்தமில்லாத ஒன்று: ஆபரேஷனுக்குப் பின் ஒரு காலில் மட்டும் கெண்டைச்சதை வீங்கி வலித்தாலோ, மூச்சு வாங்கினாலோ ஒரு நிமிஷம்கூட வீட்டில் இருக்கக் கூடாது.

இதையெல்லாம் தமிழில் ஒரு தாளில் அச்சடித்தால் என்ன செலவாகும்? நகைக் கடை நோட்டீஸ் தமிழில் வருகிறது. அரிசி மூட்டையில் தமிழ் இருக்கிறது. 2008-ல் சமீரா கோலி வழக்கில் உச்ச நீதிமன்றம், சிகிச்சையின் தன்மை, பலன், ஆபத்து எல்லாவற்றையும் நோயாளி யோசித்து முடிவெடுக்கும் அளவுக்குச் சொல்லித்தான் சம்மதம் வாங்க வேண்டும் என்று தெளிவாகச் சொல்லிவிட்டது. நம் ஊரில் சம்மதம் என்பது, பெருக்கல் குறி போட்ட இடத்தில் கையெழுத்து. வார்டில் நானே நூற்றுக்கணக்கில் அப்படி வாங்கியிருக்கிறேன், மறைக்க என்ன இருக்கிறது. தோப்பூரில் 2019 ஜனவரியில் அடிக்கல் நாட்டிய எய்ம்ஸைத் தாண்டித்தான் மதுரைக்குப் பஸ்ஸில் போகிறோம். அங்கேயாவது தமிழில் தாள் கொடுப்பார்களா, பார்க்கலாம்.

இன்னொரு கூட்டத்தின் மேலும் எனக்குக் கோபம் உண்டு. அதில் இந்தப் பக்கத்தைப் படிக்கும் சிலரும் இருக்கலாம். அந்தப் பெண் ஏன் கதவைச் சாத்தச் சொன்னாள்? நாலு வாரமாக ஏன் கட்டியை ஒருவரிடமும் காட்டவில்லை? "சினிமாக்காரின்னு நெனப்பு, வயித்த வெட்டிட்டு வந்திருக்கா" என்று குழாயடியில் பேசியது அவள் காதில் விழுந்திருக்கிறது. டாக்டரிடம் மறுபடி போகவும் கூச்சம். ஆசைப்பட்டு வெட்டிக்கொண்டவள், அனுபவிக்க வேண்டியதுதானே என்று அவளுக்கே தோன்றிவிட்டது.

பிள்ளை பெறும்போது வயிற்றின் நடுவில் உள்ள இரண்டு தசைப் பட்டைகளும் விலகும். சிலருக்கு அவை திரும்பச் சேர்வதே இல்லை. இடுப்பு வலிக்கும். சிசேரியன் தழும்பு உள்ளே இழுத்துப் பிடிக்க, அதன் மேல் சதை மடிந்து தொங்கும். நம் ஊர் சித்திரை வெயிலில் அந்த மடிப்பில் வேர்த்து, புண்ணாகி, நாறும். 2019-21 தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டுப் பிரசவங்களில் 44.9 சதவீதம் சிசேரியன், தனியார் ஆஸ்பத்திரிகளில் 63.8. இத்தனை வயிறுகளைக் கிழித்த ஊர், அதில் ஒருத்தி வயிற்றைச் சரிசெய்துகொண்டால் மட்டும் சிரிக்கிறது. ஆண்கள் தலையில் முடி நடுகிறார்களே, யாராவது குழாயடியில் பேசுகிறோமா?

2018 பிப்ரவரியில் சென்னை ஸ்டான்லி ஆஸ்பத்திரியில் மார்பக அறுவை சிகிச்சை இலவசம் என்று அறிவித்தபோது பெரிய கேலி நடந்தது. அன்றைய அமைச்சர் விஜயபாஸ்கர், ஏழைகளுக்கு மட்டும் ஏன் அழகு சிகிச்சை கிடைக்கக் கூடாது என்று கேட்டார். டெங்குவை ஒழித்துவிட்டு வரட்டும் என்று அன்று நானும் சிரித்தவள்தான். விபத்தில் நசுங்கிய கைகளைச் சரிசெய்வதில் பேர் வாங்கிய ஸ்டான்லிக்கு இது தேவையா என்றுகூடப் பேசினேன். இன்று அப்படிப் பேசமாட்டேன். அரசு ஆஸ்பத்திரியில் கிடைத்திருந்தால் இவள் சீட்டெடுத்துப் போயிருக்க மாட்டாள். அழகு சிகிச்சை என்று பெயர் விழுந்துவிட்டால் இன்சூரன்ஸும் பொதுவாகக் கைவிரித்துவிடுகிறது.

அதற்காக, போய் வெட்டிக்கொள்ளுங்கள் என்று நான் சொல்வதாக நினைக்க வேண்டாம். 2022 மே மாதம் பெங்களூருவில் 21 வயதுக் கன்னட நடிகை சேத்தனா ராஜ் கொழுப்பு நீக்கும் ஆபரேஷனுக்குப் போய் இறந்தார். காலையில் வந்து மாலையில் வீட்டுக்குப் போகலாம், தழும்பே தெரியாது என்று விளம்பரம் செய்கிறவர்களை எனக்குக் கண்டாலே ஆகாது. டம்மி டக் பெரிய ஆபரேஷன். உடம்பு இளைக்கும் வழியும் அல்ல. இன்னும் பிள்ளை பெற நினைப்பவர்கள் காத்திருக்க வேண்டும். செய்வதானால் பிளாஸ்டிக் சர்ஜரியில் முறையாகப் படித்த டாக்டரிடம், ஐ.சி.யூ. வசதி உள்ள இடத்தில் செய்யுங்கள்.

வீட்டுப் பெரியவர்களுக்கு இன்னொன்று. தையல் போட்டவளுக்கு முட்டை கொடுத்தால் சீழ் பிடிக்கும், பருப்பு ஆகாது, தண்ணீர் குறை என்று ரசஞ்சோற்றிலேயே போட்டு வைக்காதீர்கள். புண் ஆறுவதே புரதத்தால்தான். இவளுக்கும் பத்து வாரமாக இட்லியும் ரசமும்தான். கேட்டால் பத்தியமாம்.

அன்றைக்கே அவளை வேறொரு சர்ஜனிடம் கூட்டிப் போனேன். ஸ்கேன் எடுத்தார். கொழுப்புக் கட்டிதான், மூன்று மாதம் கழித்து வாருங்கள் என்றார். தீப்புண்ணுக்கு மருந்து கொடுத்தார். நான் பக்கத்தில் நின்று, இது எப்போது சுருங்கும், எது ஆனால் உடனே வர வேண்டும், எதெல்லாம் கூடாது என்று ஒவ்வொன்றாகக் கேட்டேன். கொஞ்சம் முகம் சுளித்தார், ஆனால் சொன்னார். அத்தனையையும் அவளே பிள்ளையின் நோட்டில் தமிழில் எழுதிக்கொண்டாள். மொத்தம் ஆறு நிமிஷம் ஆனது, கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன்.

புண் இப்போது காய்ந்துவிட்டது, அந்த இடம் மட்டும் கறுத்திருக்கிறது. மாமியார் நேற்று வந்து ரொம்ப நேரம் உட்கார்ந்திருந்தார். எழுந்து போகும்போது, "நர்ஸம்மா, எம் முட்டிக்காச்சும் ஒத்தடம் குடுத்துக்கிறலாமா?" என்று கேட்டார். உங்களுக்குச் சர்க்கரை இருக்கிறதா, காலில் சூடு தெரிகிறதா என்று திருப்பிக் கேட்டேன். அவருக்குப் பதினைந்து வருடமாகச் சர்க்கரையாம். காலில் செருப்பு கழன்று விழுவதுகூடச் சில நேரம் தெரிவதில்லையாம்.