நாடாவில் உறங்கும் கூத்து

தெரணியகலைத் தோட்டங்களின் காமன் கூத்துப் பாடல்கள் ஏட்டில் எஞ்சினால் கூத்தே எஞ்சிற்று என வாதிடுவோர் உளர். இதனினும் பெரிய மயக்கம் வேறில்லை. சி. வி. வேலுப்பிள்ளை (1914–1984) மலைநாட்டுப் பாடல்களைத் தொகுத்தளித்த தொண்டு போற்றற்குரியது; ஆயினும் அச்செழுத்தில் தப்பு அதிர்வதில்லை. ரதியின் புலம்பலில் பாடகர் குரல் தழுதழுக்கும் இடம் எந்த ஏட்டிலும் இல்லை. தந்தையர் பாடிய இரவை மைந்தர் மீண்டும் கேட்க விழைவது நியாயமே.

ஒலித்தரம் குறைந்த பதிவு வெளியிடத் தகாது என்பது வெறும் சாட்டு. ‘கிங் கிரிம்சன்’ என்னும் ஆங்கில றொக் இசைக்குழு, சாதாரண ஒலிப்பேழையில் பதிந்த மேடை நிகழ்ச்சிகளை 1972 இல் இசைத்தட்டாக்கியது. 1998 முதல் பழைய மேடைப் பதிவுகளைச் சந்தாதாரருக்கு வரிசையாக வழங்கியது. இரைச்சலை அச்சுவைஞர் பொறுத்தனர். நம்மவர் செவி மட்டும் அத்துணை மென்மையோ?

மலையின் ஈரத்தில் நாடா பூஞ்சணம் பிடிக்கும். பல்கலைக்கழகத் தமிழ்த்துறைகள் லயந்தோறும் பேழைகளைத் தேடி, கணினியிலேற்றி, வெட்டாது வெளியிடல் வேண்டும். கூத்தை ஆய்ந்தவர் பட்டம் பெற்றனர். ஆடியவர் பெற்றது யாது? பாடியவர், தப்படித்தவர் பெயர்கள் முகப்பில் நிற்கட்டும். வருவாயும் அவர்க்கே சேரட்டும்.