கண்வலி விதைக்கு எடை மட்டும் போதாது

செங்காந்தள் தமிழ்நாட்டின் மாநில மலர். அதே கொடியின் கிழங்கைத் தின்று உயிரிழந்தவர்களும் நம் கிராமங்களில் உண்டு. பூவின் அழகும் கிழங்கின் நஞ்சும் பேசப்படும் அளவுக்கு விதை பேசப்படுவதில்லை. தாராபுரம், மூலனூர், ஒட்டன்சத்திரம், வேதாரண்யம் பகுதிகளில் கண்வலிக்கிழங்கு எனப்படும் இந்தக் கொடியைப் பயிரிடுவதே விதைக்காகத்தான். அதில் உள்ள கால்ச்சிசின், யூரிக் அமிலம் படிந்து மூட்டு வீங்கும் ‘கவுட்’ நோய்க்கு உலகெங்கும் தரப்படும் மருந்து. கையால் மகரந்தம் சேர்த்து, கொடி படர முள்ளும் கம்பியும் கட்டி விளைவிக்கும் விதையை விவசாயி கிலோ கணக்கில் விற்கிறார். அதற்குள் எவ்வளவு மருந்து இருக்கிறது என்று விற்கும் இடத்தில் யாரும் அவருக்கு அளந்து சொல்வதில்லை. விதைக்கு விலை அதிலுள்ள கால்ச்சிசின் அளவை வைத்தே அமைய வேண்டும். பிரித்தெடுப்பின் முதல் கட்டமாவது விளையும் மாவட்டத்திலேயே நடக்க வேண்டும்.

மருந்தைப் பிரிப்பது எப்படி என்று பார்த்தால் இது ஏன் முக்கியம் என்பது விளங்கும். அரைத்த விதையிலிருந்து முதலில் ஹெக்சேன் போன்ற கரைப்பானால் கொழுப்பை நீக்குகிறார்கள். பிறகு ஆல்கஹாலில் ஊறவைத்தால் வேண்டியதும் வேண்டாததும் சேர்ந்து இறங்கும். அந்தச் சாற்றை வற்றவைத்து, நீர் சேர்த்து, நீரோடு கலக்காத குளோரோஃபார்மை ஊற்றிக் குலுக்கினால் திரவம் இரண்டு அடுக்காகப் பிரிகிறது. கால்ச்சிசின் குளோரோஃபார்முக்குள் போய்விடும். சர்க்கரை மூலக்கூறு ஒட்டியிருக்கும் கால்ச்சிகோசைடு நீரிலேயே தங்கிவிடும். அதுவும் வீணல்ல, தசை இறுக்கத்துக்குத் தரும் தயோகால்ச்சிகோசைடு மாத்திரைக்கு அதுதான் மூலப்பொருள். பல தாவர மருந்துகளை அமிலத்தையும் காரத்தையும் மாற்றி மாற்றிச் சேர்த்தே எளிதில் பிரித்துவிடலாம். கால்ச்சிசினின் காரத்தன்மை மிகவும் குறைவு என்பதால் அந்த வழி இதற்கு உதவாது. படிகமாக்கும்போதும் குளோரோஃபார்ம் படிகத்துக்குள்ளேயே சிக்கிக்கொள்ளும். அதையும் வெளியேற்றியாக வேண்டும். 1820-இல் சின்கோனா பட்டையிலிருந்து குயினைனைப் பிரித்த பிரெஞ்சு வேதியியலாளர்கள் பெல்லெத்தியேவும் காவெந்துவும், அதே ஆண்டில் ஐரோப்பியக் கால்ச்சிக்கம் செடியிலிருந்து கால்ச்சிசினையும் பிரித்தார்கள். இருநூறு ஆண்டுகளாக உலகம் அறிந்த வேலை இது.

ஒரு கால்ச்சிசின் மாத்திரையில் பொதுவாக இருப்பது அரை மில்லிகிராம். அளவு சற்று மிஞ்சினாலும் மருந்தே நஞ்சாகும். விதையில் அரை விழுக்காடு கால்ச்சிசின் என்று வைத்துக்கொண்டால் ஒரு கிலோவில் ஐந்து கிராம். கணக்குப்படி பத்தாயிரம் மாத்திரை. பிரிக்கும்போது பாதி வீணானாலும் ஐயாயிரம். ஒரு விழுக்காடு உள்ள விதை இதைப் போல் இருமடங்கு தரும். மண், அறுவடைப் பருவம், உலர்த்தும் முறை எல்லாவற்றையும் பொறுத்து இந்த அளவு மாறும். ஒளி பட்டால் கால்ச்சிசினே சிதைந்து வேறு பொருளாகிவிடும். நல்ல விதைக்கும் சுமாரான விதைக்கும் ஒரே விலை என்றால், நிழலில் கவனமாக உலர்த்துவதால் விவசாயிக்கு என்ன பயன்? பாலுக்குக் கொழுப்பையும் இதர சத்தையும் அளந்துதான் கூட்டுறவுச் சங்கங்கள் விலை தருகின்றன. கரும்பின் ஆதார விலையே சர்க்கரைக் கட்டுமானத்தை வைத்து நிர்ணயிக்கப்படுகிறது, 10.25 விழுக்காடு அதன் அடிப்படை. உள்ளிருக்கும் பொருளுக்காகவே வாங்கப்படும் கண்வலி விதைக்கு மட்டும் அந்த நியாயம் மறுக்கப்படுவது சரியல்ல.

கரைப்பான் ஆலை வந்தால் நிலமும் நீரும் கெடும் என்ற அச்சத்தை எளிதில் தள்ளிவிட முடியாது. நொய்யல் ஆற்றைச் சாயக்கழிவுக்குப் பறிகொடுத்த, தாராபுரம் அடங்கிய மாவட்டத்தில் அந்தக் கேள்வி எழாவிட்டால்தான் வியப்பு. ஆகவே குளோரோஃபார்ம் கட்டத்தை உரிமம் பெற்ற மருந்து ஆலைகளுக்கே விட்டுவிடலாம். உள்ளூரில் ஆல்கஹாலால் சாறெடுத்து வற்றவைப்பது வரை போதும். மூடிய கலத்தில் காய்ச்சி, ஆல்கஹாலைக் குளிரவைத்து மீட்டுத் திரும்பப் பயன்படுத்த வேண்டும். சக்கையிலும் நஞ்சு மிஞ்சும் என்பதால் அதை மாட்டுத் தீவனத்தில் சேரவிடக் கூடாது. தொழிலாளிக்குக் கையுறையும் முகமூடியும் கட்டாயம். ஆல்கஹாலுக்கு ஆயத்தீர்வைத் துறையின் உரிமம் தேவை. உழவர் உற்பத்தியாளர் நிறுவனம் ஒன்று தனியாக அலைந்து வாங்கக்கூடியதல்ல அது, அரசுதான் வழி திறந்துவிட வேண்டும்.

வலுவான மறுப்பு இன்னொன்று உண்டு. மில்லிகிராமில் உட்கொள்ளும் மருந்துக்கு உலகத் தேவை எவ்வளவு இருந்துவிடப் போகிறது? விளைச்சல் கூடினால் விலை விழும். உண்மைதான். 2023-இல் அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு அரை மில்லிகிராம் கால்ச்சிசினை இதயநோய் அபாயத்தைக் குறைக்கவும் அனுமதித்தபோது பெரிய சந்தை திறக்கும் என்ற நம்பிக்கை பிறந்தது. 2024-இல் வெளிவந்த பெரிய ஆய்வொன்று அந்தப் பயனை உறுதிசெய்யவில்லை. அந்தச் சந்தையை நம்பிப் பரப்பை விரிக்கச் சொல்வது விவசாயிக்குச் செய்யும் துரோகம். நான் கேட்பது கூடுதல் ஏக்கர் அல்ல, இப்போது விளைவதற்கான சரியான அளவீடு. குறைந்தபட்ச விலை வேண்டும் என்று விவசாயிகள் கோரிவருகிறார்கள். தரம் அளக்கப்படாத பொருளுக்கு அப்படி ஒரு விலை அறிவித்தாலும், தரத்தைக் குறை சொல்லி அதற்குக் கீழே கேட்க வியாபாரிக்கு வழி இருக்கும். சாறெடுக்கும் கூடத்துக்குக் காலம் பிடிக்கலாம்; பரிசோதனைக்கு அவ்வளவு காலம் தேவையில்லை. தாராபுரம் வட்டாரத்து ஒழுங்குமுறை விற்பனைக்கூடம் ஒன்றில் எச்.பி.எல்.சி. எனும் திரவ நிறப்பிரிகைக் கருவியையும் அதை இயக்கத் தெரிந்தவரையும் அமர்த்தினால், ஒவ்வொரு குவியலிலிருந்தும் சில கிராம் விதை எடுத்து, கால்ச்சிசின் விழுக்காட்டை மூட்டையின் மேல் எழுதி ஏலத்துக்கு வைக்க முடியும். அடுத்த அறுவடைக்கு முன் வேளாண் விற்பனைத் துறை இதைச் செய்துவிடலாம்.