அழுதால் பருக்கும் கன்னம்

பிறந்து ஒரு மாதமே ஆன பெண் குழந்தை. காதுக்கு முன்னால், தாடையோரம் மெத்தென்ற ஒரு வீக்கம். வீறிட்டு அழுதால் அது பருத்து, இலேசாக நீலம் பாரிக்கிறது. ‘பொன்னுக்கு வீங்கி’ என்று பாட்டி தம் சங்கிலியைக் கழற்றிப் பேத்திக்கு அணிவிக்கிறார்.

பொன்னுக்கு வீங்கி ஒரு வயதுக்குள் வருவது அரிது. வந்தாலும் ஒன்றிரண்டு வாரங்களில் வடிந்துவிடும். வாரந்தோறும் வளரும் இவ்வீக்கமோ, கன்னத்து உமிழ்நீர்ச் சுரப்பியில் நுண்ணிய இரத்தக் குழாய்கள் மிகையாகப் பெருகியதால் உண்டான கட்டி. மருத்துவர்கள் இதனை ‘ஹெமாஞ்சியோமா’ என்பர். உமிழ்நீர்ச் சுரப்பிக் கட்டிகள் பொதுவாக அரியவை. எனினும் கைக்குழந்தைகளுக்கு அங்கு வருபவற்றுள் இதுவே மிகுதி.

கட்டி என்றதும் காஞ்சிபுரத்தாருக்குக் காரப்பேட்டைப் புற்றுநோய் மருத்துவமனை நினைவில் எழுவது இயல்பே. அந்த அச்சம் வேண்டுவதில்லை. இது புற்று அன்று. முதற் சில மாதங்கள் விரைந்து வளர்ந்து, பின்னர் ஆண்டுக்கணக்கில் தானே சுருங்கும். அதற்காக வாளாவிருத்தலும் தகாது. பெருத்த கட்டி காதுத் துளையை அடைக்கலாம், தோலைப் புண்ணாக்கலாம், சிலருக்கு மூச்சுப் பாதையிலும் இத்தகைய கட்டி உடனிருக்கும்.

நோயை அறிய ஊசி குத்திச் சதையெடுப்பது பெரும்பாலும் தேவைப்படாது. ‘டாப்ளர்’ ஸ்கேன், கட்டிக்குள் இரத்தம் பாய்வதை வலியின்றிக் காட்டிவிடும். ஆழம் அறிய எம்.ஆர்.ஐ. உண்டு. கத்தியை எடுக்க மருத்துவர் தயங்குவதற்குக் காரணம், முகத்தை அசைக்கும் நரம்பு அச்சுரப்பியின் ஊடே செல்வதுதான். அது பழுதுபட்டால் குழந்தையின் சிரிப்பே கோணிவிடும்.

மருந்து கிடைத்த விதம் வியப்புக்குரியது. பிரான்சின் போர்தோ நகரில் கிறிஸ்தீன் லெயோத்தே-லப்ரேஸ் என்னும் மருத்துவரும் அவர்தம் குழுவினரும், இத்தகைய கட்டியுடைய ஒரு குழந்தையின் இதயக் கோளாறுக்காகப் ‘புரோப்ரனலால்’ கொடுத்தனர். மறுநாளே கட்டி நிறம் மாறி இளகிற்று! 2008இல் அதனை வெளியிட்டனர். பெரியவர்கள் இரத்த அழுத்தத்துக்கு விழுங்கி வந்த பழைய மாத்திரையே இன்று இந்நோய்க்கு முதல் மருந்து.

ஆயின், தாத்தாவின் மாத்திரையை உடைத்துக் கொடுத்துவிடாதீர்கள். இதயத்தைச் சோதித்து, எடைக்கேற்ற அளவை மருத்துவரே வகுக்க வேண்டும். பால் குடித்த பின்னரே புகட்ட வேண்டும். வெறும் வயிற்றில் இரத்தச் சர்க்கரை ஆபத்தாக இறங்கும். குழந்தை பால் மறுத்தாலோ, வாந்தியெடுத்தாலோ, இளைப்புக் கண்டாலோ மருந்தை நிறுத்தி உடனே மருத்துவரிடம் செல்லுங்கள். குறைந்தது ஆறு மாதமேனும் மருந்து தொடரும்.

பெரியவர்க்கு வருவது பெரும்பாலும் வேறு வகை. சிரைகளின் பிறவிக் கோளாறு. தறியில் குனிந்தால் கன்னம் புடைத்து, நிமிர்ந்தால் வடியும். உமிழ்நீர்க் கல்லாயின் உணவு வேளையில் வீங்கும். இதற்குச் சிகிச்சையும் வேறு.

வீக்கம் கண்ட தாய்மார் நாள் கடத்தாமல் அரசு மருத்துவமனையில் காட்டுங்கள். தேவையெனில் சென்னை எழும்பூர்க் குழந்தைகள் நல மருத்துவமனைக்கு அனுப்புவர். குழந்தை அழும்போது ஒன்றும் உறங்கும்போது ஒன்றுமாகப் படமெடுத்துச் செல்லுங்கள். மருத்துவர் கேட்கும் முதற் கேள்விக்கு அதுவே விடையாகும்.